காசு கொடுத்துக் கயிறு இழுக்கப் போகலாமா? பாய்மரப் பயிற்சிக் கப்பலில் அட்லாண்டிக் பயணம்: ஒரு மதிப்பீடு

பாய்மரப் பயிற்சிக் கப்பல்களின் விளம்பரப் படங்களில் எப்போதும் யாராவது ஒருவர் உயரத்தில், பாய் தொங்கும் குறுக்குக் கட்டையான பருமலைப் பிடித்துக்கொண்டு சாயங்கால வானத்தைப் பார்த்துக்கொண்டிருப்பார். மூன்று வாரப் பயணத்தில் அப்படி நிற்கக் கிடைப்பது மொத்தமாகச் சில மணி நேரம்தான். மற்ற நேரமெல்லாம் சுக்கான் பிடிப்பது, கயிறு சுருட்டுவது, உருளைக்கிழங்கு தோல் சீவுவது, துரு சுரண்டுவது, கழிப்பறை கழுவுவது, இடையில் கிடைக்கும் நேரத்தில் தூங்குவது. இதற்குப் பணமும் நாம்தான் கட்ட வேண்டும். கட்டுப்படியாகுமா என்று கேட்டால், கப்பலைப் பொறுத்தது. கப்பலின் அழகை வைத்து அதை முடிவு செய்ய முடியாது. தூக்கத்தை எப்படிப் பங்கிடுகிறார்கள், தண்ணீரை எப்படிச் செலவழிக்கிறார்கள், ஒரு வாட்ச், அதாவது ஒரு வேலை முறை, முடிந்து அடுத்த வாட்ச் வரும்போது அந்தப் பத்து நிமிடத்தில் என்ன நடக்கிறது என்பதைப் பார்த்தால் தெரிந்துவிடும்.

முதலில் ஒன்றைத் தெளிவாக்கிக்கொள்ள வேண்டும். எல்லாப் பயிற்சிக் கப்பலிலும் இடம் வாங்க முடியாது. ஜெர்மானியக் கடற்படையின் கோர்ச் ஃபோக், அமெரிக்கக் கடலோரக் காவல் படையின் ஈகிள், இந்தியக் கடற்படையின் தரங்கிணி ஆகியவை அந்தந்தப் படையின் பயிற்சியாளர்களுக்கானவை. வெளியாட்கள் பணம் கட்டிச் சேரக்கூடியவை வேறு. 1914-இல் கட்டப்பட்டு இப்போது நார்வேயின் பெர்கன் துறைமுகத்தைச் சேர்ந்த ஸ்டாட்ஸ்ரோட் லேம்குல், 1911-இல் மிதக்கும் கலங்கரை விளக்கமாகப் பிறந்து 1990-களில் பாய்க்கப்பலாக மாற்றப்பட்ட டச்சுக் கப்பல் யூரோப்பா போன்றவை அந்த வகை. இரண்டும் மூன்று பாய்மரம் கொண்ட பார்க் ரகம்: முன்னிரண்டு மரத்தில் சதுரப் பாய், கடைசி மரத்தில் நீளவாட்டுப் பாய். ஆனால் உள்ளே வாழ்க்கை ஒன்றுபோல் இராது. முன்னது 98 மீட்டர் நீளம், நூற்றுக்கும் மேற்பட்ட பயிற்சியாளர்களை ஏற்றும். தூக்கம் பொது அறையில், தொங்கும் துணிப் படுக்கையான ஹேமக்கில். பின்னது 56 மீட்டர், ஐம்பதுக்கும் குறைவான பயிற்சியாளர்கள், சிறு அறைகளில் அடுக்குப் படுக்கை. பெரிய கப்பலில் ஆட்டம் குறைவு, ஆனால் ஒருவருக்குச் சுக்கான் கிடைக்கும் முறையும் குறைவு. கற்றுக்கொள்ளத்தான் போகிறோம் என்றால் சின்னக் கப்பல் மேல்.

பாதையும் பருவமும்

அட்லாண்டிக்கைக் கிழக்கிலிருந்து மேற்கே கடப்பவர்கள் பெரும்பாலும் கேனரித் தீவுகளிலிருந்து கரீபியன் தீவுகளுக்குப் போவார்கள். ஏறக்குறைய 2,700 கடல் மைல். சராசரி 5 நாட் (மணிக்கு 5 கடல் மைல்) வேகம் என்றால் நாளுக்கு 120 மைல், 22 அல்லது 23 நாள். 6 நாட் கிடைத்தால் 19 நாள். கரீபியன் புயல் பருவம் நவம்பர் 30 அன்று கணக்குப்படி முடிகிறது. வடகிழக்கு வணிகக் காற்றும் அதற்குப் பிறகுதான் நிலைகொள்கிறது. நவம்பர் தொடக்கத்தில் புறப்படும் பயணத்தைவிட டிசம்பர், ஜனவரிப் பயணத்தில் காற்று நம்பிக்கையாக இருக்கும். திரும்பும் வழி மே மாத வாக்கில், வடக்கே ஏறி பெர்முடா, அசோர்ஸ் தீவுகள் வழியாக. அங்கே மேற்கத்திக் காற்று. குளிர், மழை, அடிக்கடி பாய் மாற்றும் வேலை.

முதல் முறை போகிறவர்கள் மேற்கு நோக்கிய பாதையையே தேர்ந்தெடுக்கிறார்கள். வெயில், பின்னாலிருந்து வரும் காற்று, இதமான கடல் என்று கேட்பதற்கு நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் பின்காற்றில் ஓடும் கப்பல் இரவு பகலாக இடமும் வலமும் உருண்டுகொண்டே இருக்கும், ஒருநாளும் நிற்காது. மேலும், காற்று மாறாவிட்டால் பருமல்களைத் திருப்பும் வேலையே ஐந்தாறு நாளைக்கு வராமல் போகலாம். பாய் வேலை கற்க வந்தவருக்கு அது ஏமாற்றம்தான். வேலை வேண்டுமென்றால் வடக்குப் பாதையே சிறந்தது. இதை முன்பதிவுப் பக்கத்தில் யாரும் எழுதுவதில்லை.

வாட்ச்

பயிற்சியாளர்கள் மூன்று குழுவாகப் பிரிக்கப்படுவார்கள். நான்கு மணி நேரம் வேலை, எட்டு மணி நேரம் ஓய்வு, மறுபடியும் நான்கு மணி நேரம். பன்னிரண்டிலிருந்து நான்கு, நான்கிலிருந்து எட்டு, எட்டிலிருந்து பன்னிரண்டு என்று பகலிலும் இரவிலும் அதே மணி. மூன்றில் எது கிடைக்கிறது என்பதைப் பொறுத்துத்தான் பயணமே அமையும். எட்டு–பன்னிரண்டு சொகுசு: நள்ளிரவுக்குப் பிறகு படுத்தால் காலை ஏழு வரை ஒரே தூக்கம். நான்கு–எட்டுக்குச் சூர்யோதயமும் அஸ்தமனமும் சொந்தம். நட்சத்திரத்தை வைத்து இடம் கணிக்கும் வேலையும் இவர்கள் பக்கம்தான் விழும். பன்னிரண்டு–நான்குக்காரர்கள் பாவம். இரவு எட்டு முதல் பதினொன்றரை வரை ஒரு துண்டு, விடியற்காலை நாலரைக்கு மேல் இன்னொரு துண்டு. இரண்டாம் துண்டின் நடுவில் காலைச் சாப்பாட்டுச் சத்தமும் துரு சுரண்டும் சத்தமும் வந்துவிடும்.

சில கப்பல்கள் மாலை நான்கு முதல் எட்டு வரையுள்ள வாட்சை இரண்டு இரண்டு மணி நேரமாக உடைத்துவிடும். அப்போது ஒரு நாளில் ஆறுக்குப் பதில் ஏழு வாட்ச். ஏழை மூன்றால் வகுத்தால் ஒன்று மிஞ்சும், ஆகவே தினமும் முறை நகரும். நியாயமான ஏற்பாடுபோலத் தெரியும். ஆனால் மூன்று வாரப் பயணத்தில் உடம்புக்கு நிலையான மணி கிடைப்பதே நல்லது. நான்கைந்து நாளில் பழகிவிடும். சுழலும் முறையில் உடம்பு கடைசிவரை குழம்பிக்கொண்டே இருக்கும். வாரத்துக்கு ஒருமுறை மட்டும் குழுக்களை மாற்றும் கப்பல் இரண்டுக்கும் நடுவில் நல்ல சமரசம். ஆறு மணி வேலை, ஆறு மணி ஓய்வு என்று இரண்டே குழுவாக ஓட்டும் கப்பலில் பெருங்கடல் பயணத்துக்குச் சேர வேண்டாம். பாடம் மண்டையில் ஏறாது, விபத்துதான் நடக்கும்.

வாட்சுக்கு எழுப்புவது ஒரு கலை. முந்தைய குழுவில் ஒருவர், படுக்கை எண் எழுதிய தாளோடு இருபது நிமிடம் முன்னதாக வருவார். பெயர் சொல்லி அழைக்க வேண்டும். மணி என்ன, மழை உண்டா, மேலே குளிரா, எந்தச் சட்டை போட வேண்டும் என்று மெல்லிய குரலில் சொல்ல வேண்டும். சிவப்பு விளக்கு மட்டும். படுத்தவரின் கால் தரையில் படும்வரை நகரக் கூடாது. ‘எழுந்துட்டேன்’ என்று தூக்கத்திலேயே பதில் சொல்கிறவர்கள் நிறைய. எழுப்புகிறவர் அறை விளக்கைப் போட்டால் வேலை இல்லாத இரண்டு குழுவின் தூக்கமும் போச்சு. இந்தச் சின்ன ஒழுங்கு இருக்கும் கப்பலில் பெரும்பாலும் மற்ற ஒழுங்குகளும் இருக்கும்.

இருபது பேர் கொண்ட வாட்ச் என்றால் ஒரு மணி நேரத்துக்கு ஒருவரோ இருவரோ சுக்கானில், ஒருவர் அணியத்தில், அதாவது கப்பலின் முன்முனையில், கண்காணிப்பில், ஒருவர் தீ, தண்ணீர்க் கசிவு பார்க்கும் சுற்றில். மற்றவர்கள் மேல்தளத்தில் தயாராகக் காத்திருப்பார்கள். கண்காணிப்பில் நிற்பவருக்கு இருட்டுக்குக் கண் பழக இருபது முதல் முப்பது நிமிடம் வேண்டும். நடுவில் யாராவது கைப்பேசியைத் திறந்தால் மறுபடி முதலிலிருந்து. வெளிச்சம் தெரிந்தால் பழைய வழக்கப்படி மணி: வலப்பக்கம் ஒரு அடி, இடப்பக்கம் இரண்டு, நேர் எதிரே மூன்று.

சுக்கானில் புதியவர் செய்யும் பிழை ஒன்றே ஒன்றுதான், திசைகாட்டியைத் துரத்துவது. வட்டு அசையாமல் இருக்கிறது, கப்பல்தான் அதைச் சுற்றித் திரும்புகிறது என்பது மண்டைக்குள் இறங்க ஒரு நாள் ஆகும். சக்கரத்தைத் திருப்பினால் பதில் வரச் சில விநாடி பிடிக்கும். அதற்குள் ‘போதவில்லை’ என்று இன்னும் திருப்பினால் கப்பல் தாண்டிப் போய்விடும், பிறகு மறுபக்கம் இழுக்க வேண்டும். பின்னால் பார்த்தால் கடலில் பாம்பு போன தடம். கொஞ்சம் திருப்பு, காத்திரு, மூக்கு நகரத் தொடங்கியதுமே எதிர்ப்பக்கம் கொஞ்சம் கொடு. இரவில் எதிரே ஒரு நட்சத்திரத்தைக் குறி வைத்துக்கொண்டால் எளிது, ஆனால் வானம் மணிக்கு 15 பாகை நகரும். பத்து நிமிடத்துக்கு ஒருமுறை திசைகாட்டியோடு ஒப்பிட்டு நட்சத்திரத்தை மாற்ற வேண்டும். பெரிய அலையில் ஐந்து பாகை இப்படி அப்படிப் போனால் யாரும் கோபிக்க மாட்டார்கள். காற்று பாயின் முன்முகத்தில் அடிக்கும் அளவுக்குத் திருப்பிவிட்டால்தான் கத்துவார்கள். பாய்மரங்களைத் தாங்கும் கம்பிகளில் பெரும்பகுதி பின்னோக்கி இழுத்துக் கட்டப்பட்டிருக்கிறது. முன்னாலிருந்து அழுத்தம் வந்தால் மரம் முறியவே வாய்ப்பு உண்டு.

கயிறு

சதுரப் பாய்க் கப்பலில் ஏறக்குறைய 200 கயிறு இருக்கும். முதல் நாள் பார்த்தால் மலைப்பாகத்தான் இருக்கும். ஆனால் இடமும் வலமும் கண்ணாடிப் பிம்பம் என்பதால் பாதி கழிந்தது. ஒரு மரத்தில் உள்ள வரிசையே அடுத்த மரத்திலும் அநேகமாக இருப்பதால் மீதியிலும் பெரும்பங்கு கழிந்தது. பாயையோ பருமலையோ மேலே ஏற்றும் ஆஞ்சான், பாயின் கீழ்மூலையை இழுத்துப் பிடிக்கும் தாமான், பாயைச் சுருக்கி மேலே தூக்கும் கயிறுகள், பருமலைத் திருப்பும் கயிறு என்று வேலையை வைத்துக் கற்றால் ஒரு வாரம் போதும். பெயர்ப்பட்டியலை மனப்பாடம் செய்ய வைக்கும் கப்பலில் இரண்டு வாரம் ஆகும், இருட்டில் பயனும் இராது. பாய், கயிறு வேலையைக் கவனிக்கும் போசன் நல்லவரானால் மூன்றாம் நாளே விளக்கை அணைத்துவிட்டு, ‘நடு மரம், மேல் பாய், இடப்பக்கத் தாமான் எங்கே?’ என்று கேட்பார்.

கயிற்றைச் சுற்றி மாட்டும் கட்டையான முளையில் கயிறு கட்டுவதில் தவறு இரண்டு விதம். ஒன்று, எட்டு வடிவச் சுற்றுக்கு மேல் பாதுகாப்புக்காக என்று ஒரு முடிச்சும் போட்டுவிடுவது. கயிறு நனைந்து, இழுவை ஏறி இறுகினால் அதை அவிழ்க்க முடியாது. திடீர்க் காற்று வரும் நேரத்தில் அந்த ஒரு முடிச்சால் பாய் கிழியும். இன்னொன்று, எந்தக் கயிறு என்று பாராமல் அவிழ்ப்பது. கையை வைக்கும் முன் கயிற்றின் பெயரைச் சத்தமாகச் சொல்லி, கண்ணால் அதை மேலே வரை தொடர்ந்து பார்த்துவிட்டுத்தான் முதல் சுற்றை எடுக்க வேண்டும். ஆஞ்சானைத் தவறுதலாக விட்டால் பல நூறு கிலோ எடையுள்ள பருமல் கீழே வரும். இழுவை உள்ள கயிற்றைக் கையில் சுற்றிப் பிடிக்கவே கூடாது. தளர்த்தும்போது முளையில் ஒரு சுற்றை விட்டுவைத்து, கையை முளையிலிருந்து ஒரு முழம் தள்ளி வைத்துக் கொஞ்சம் கொஞ்சமாக விட வேண்டும். தரையில் கிடக்கும் கயிற்று வளையத்துக்குள் காலை வைத்து நிற்பவரை யாரும் மரியாதையாக நகர்த்த மாட்டார்கள், தள்ளித்தான் விடுவார்கள். அதைத் தப்பாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.

மேலே ஏறுவது எல்லா நல்ல கப்பலிலும் விருப்பம்தான், கட்டாயம் இல்லை. கட்டாயப்படுத்துகிற கப்பலும், முதல் நாளே பயிற்சி இல்லாமல் அனுப்புகிற கப்பலும் வேண்டாம். துறைமுகத்தில் ஒருமுறை ஏறி இறங்கியிருக்க வேண்டும். காற்று வரும் பக்கமாக ஏறினால் காற்றே உடம்பைக் கம்பிமேல் சாய்த்து வைக்கும். நெட்டுக் கம்பியைப் பிடிக்க வேண்டும், குறுக்குப் படியைப் பிடிக்கக் கூடாது. படி அறுந்தாலும் கம்பி நிற்கும். பருமலின் கீழே தொங்கும் கால்கயிற்றில் காலை வைக்கும் முன் ‘வருகிறேன்’ என்று குரல் கொடுக்க வேண்டும். புதிய எடை ஏறியதும் கயிறு இறுகி, ஏற்கெனவே நிற்பவரைத் தூக்கிவிடும். பையில் சில்லறைகூட இருக்கக் கூடாது, கத்திக்குக் கயிறு கட்டியிருக்க வேண்டும். உடம்பில் மாட்டும் பாதுகாப்பு வாரான ஹார்னெஸ் பற்றிக் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று: ஏறும் வழியிலும் கொக்கி மாட்ட இடம் இருக்கிறதா, அல்லது பருமலை அடைந்த பிறகுதானா? பழைய வழக்கத்தில் பின்னதுதான். ஏறும் பாதையிலேயே பாதுகாப்புக் கம்பி அமைத்திருக்கும் கப்பல் கூடுதல் மதிப்பெண் பெறும்.

முதல் மூன்று நாள்

கடல் குமட்டல் பெரும்பாலானவர்களுக்கு இரண்டு முதல் மூன்று நாள். மாத்திரையைக் குமட்டல் வந்த பிறகு போட்டால் வயிற்றில் தங்காது. புறப்படுவதற்கு முன்பே போட வேண்டும். காதின் பின்னால் ஒட்டும் ஸ்கோபோலமின் பட்டை மூன்று நாள் வேலை செய்யும், ஆனால் வாய் உலரும், பார்வை மங்கலாம். சினரிசின், மெக்லிசின் வகையில் தூக்கம் வரும். எது ஒத்துக்கொள்ளும் என்பதை மருத்துவரிடம் கேட்டுக் கரையிலேயே ஒருமுறை சோதித்துவிட வேண்டும். இந்த மாத்திரை உள்ளே இருக்கும்போது மேலே ஏறக் கூடாது. வாந்தி வந்தால் காற்று போகும் பக்கம், அதுவும் கொக்கி மாட்டிக்கொண்டு. இல்லையென்றால் வாளி. கைப்பிடிக்கு வெளியே தலையை நீட்டித் தடுமாறுவதுதான் ஆபத்து. உலர்ந்த ரொட்டி, சிறு மடக்காகத் தண்ணீர், அடிவானத்தைப் பார்த்து ஏதாவது வேலை. சுக்கான் பிடிப்பதைப் போன்ற மருந்து வேறில்லை. கீழே படுத்துக்கொள்ளத் தோன்றும். படுத்தால் தொல்லை இல்லை, எழுந்து நடமாடினால்தான் மறுபடியும் ஆரம்பிக்கும். குமட்டலிலும் வாட்சுக்கு வந்து ஓர் ஓரமாக உட்கார அனுமதிக்கும் கப்பல் நல்ல கப்பல்.

படுக்கையைத் தேர்ந்தெடுக்க விடுவார்களானால் நடுவில், தாழ்வாக இருப்பதை எடுக்க வேண்டும். அணியத்துப் பக்கப் படுக்கை ஏறி இறங்கும். ஜெனரேட்டர் பக்கம் இரைச்சல். அடுக்களைப் பக்கம் விடியற்காலைப் பாத்திரச் சத்தம். வெப்பமண்டலத்தில் சன்னல் வட்டங்களைக் கடலில் திறக்க மாட்டார்கள், கீழே 30 பாகை செல்சியஸுக்கு மேல் புழுங்கும். விசிறி உண்டா என்று கேளுங்கள். ஹேமக்கில் உருண்டு விழும் பயம் இல்லை. கப்பல் ஆடும்போது அது நேராகவே தொங்கும். ஆனால் பக்கத்து ஹேமக்காரரின் முழங்கை உங்கள் விலாவில். காதடைப்பான் இரண்டு ஜோடி எடுத்துப் போவது நல்லது, ஒன்று நிச்சயம் தொலையும்.

தண்ணீர், கழிப்பறை, சாப்பாடு

கடல்நீரைக் குடிநீராக்கும் இயந்திரம் இப்போது பெரும்பாலான கப்பலில் உண்டு. அது பழுதானால் தொட்டியில் இருப்பதுதான் கதி. நிமிடத்துக்கு 8 லிட்டர் ஊற்றும் குழாயில் 60 பேர் ஆளுக்கு 2 நிமிடம் குளித்தால் 960 லிட்டர். அதே 60 பேர் வீட்டு வழக்கப்படி 10 நிமிடம் நின்றால் 4,800. அதனால்தான் நனைந்துகொள், குழாயை மூடு, சோப்புப் போடு, கழுவு என்ற வரிசை. கடல்நீரில் சாதாரணச் சோப்பு நுரைக்காது, திரிந்துபோகும்; அதில் உள்ள கால்சியமும் மக்னீசியமும் காரணம். ஷாம்பு அல்லது பாத்திரம் தேய்க்கும் திரவம் நுரைக்கும். துணியைக் கடல்நீரில் துவைத்தாலும் கடைசி அலசல் நன்னீரில் வேண்டும். உப்பு தங்கிய துணி காற்றின் ஈரத்தை இழுத்துக்கொண்டு ஒருநாளும் முழுக்கக் காயாது, போட்டால் தோல் அறுத்துப் புண்ணாகும். சின்னக் கீறலும் அந்த ஈரத்தில் சீழ் வைக்கும்; அன்றைக்கே கழுவி மருந்து போட்டுவிட வேண்டும்.

கழிப்பறை பல கப்பலில் வெற்றிட உறிஞ்சல் முறை. ஈரத் துடைதாள் ஒன்று போதும், ஒரு வரிசை முழுதும் நின்றுவிடும். பொறியாளர் கையைவிட்டு எடுக்க வேண்டும். சுத்தம் செய்யும் முறை எல்லாருக்கும் வரும், பணம் கட்டியவர் என்ற சலுகை கிடையாது.

சாப்பாட்டைப் பொறுத்தவரை பொதுவாக நல்ல மதிப்பெண். தினமும் ரொட்டி சுடுவார்கள். வாட்சுக்குப் போகிறவர்களுக்கு அரை மணி முன்னதாகவே பந்தி. கீரை வகை முதல் வாரத்தோடு முடியும். காயாக ஏற்றிய தக்காளி இரண்டாம் வாரம் வரை. அதன் பிறகு முட்டைக்கோசு, வெங்காயம், பூசணி, உருளை. வாழைப்பழம் மட்டும் ஒரே நாளில் மொத்தமாகப் பழுக்கும், அன்றிலிருந்து மூன்று நாள் எல்லாப் பதார்த்தத்திலும் வாழைப்பழம்தான். கழுவாத, குளிரூட்டாத முட்டையை ஓரிரு நாளுக்கு ஒருமுறை புரட்டி வைத்தால் வாரக் கணக்கில் தாங்கும். அட்டைப் பெட்டியைக் கப்பலுக்குள் விடாத சமையல்காரரைக் கண்டால் நம்பலாம், ஏனென்றால் கரப்பான் முட்டை அட்டையின் மடிப்பில்தான் வருகிறது. சைவம், ஒவ்வாமை எல்லாம் பொருள் வாங்குவதற்கு முன்பே எழுத்தில் தெரிவிக்க வேண்டும். நடுக்கடலில் சொன்னால் சமையல்காரர் அனுதாபப்படுவார், அவ்வளவே.

அடுக்களை முறை வந்தால் மூடிய காலணி கட்டாயம். பாத்திரத்தில் மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் நிரப்பக் கூடாது. கத்தியைவிட வெந்நீர்தான் கப்பல் அடுக்களையில் அதிகம் பயப்பட வேண்டியது.

பாதுகாப்பு: இதில் தயவு தாட்சணியம் வேண்டாம்

6 நாட் வேகத்தில் ஓடும் கப்பல் நிமிடத்துக்கு 185 மீட்டர் போகிறது. ஒருவர் விழுந்ததைக் கவனித்து, சதுரப் பாய்களைத் திருப்பிக் கப்பலை நிறுத்த ஐந்து நிமிடம் ஆனால் அவர் ஏறக்குறைய ஒரு கிலோமீட்டர் பின்னால். இரண்டு மீட்டர் அலையில் ஒரு மனிதத் தலை அந்தத் தூரத்தில் தெரியவே தெரியாது. ஆகவே ஒருவரின் வேலை, வேறெதையும் செய்யாமல், கையை நீட்டி விழுந்தவரையே காட்டிக்கொண்டு நிற்பது மட்டும். இந்தப் பயிற்சியைப் புறப்படும் முன் செய்தார்களா, கடலில் வாரம் ஒருமுறை திரும்பச் செய்கிறார்களா, இருட்டிலும் ஒருமுறை செய்வார்களா என்று கேளுங்கள்.

இன்னொரு கேள்வி கதவுகளைப் பற்றியது. 2010 பிப்ரவரி 17 அன்று கன்கார்டியா என்ற மூன்று மரப் பயிற்சிக் கப்பல் பிரேசிலுக்கு அப்பால் கவிழ்ந்து மூழ்கியது. மாணவர்களும் மாலுமிகளுமாக 64 பேர். உயிர்காப்பு மிதவைகளில் ஒன்றரை நாளுக்கும் மேல் கிடந்து அத்தனை பேரும் மீண்டார்கள். கனடாவின் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியம் விசாரித்துச் சொன்னது இரண்டு: காற்று வலுத்தபோது பாய் குறைக்கவோ திசை மாற்றவோ இல்லை, கதவு, சன்னல்கள் நீர்புகாதபடி மூடப்படவில்லை. சாய்ந்த கப்பல் நிமிர்வதற்குள் நீர் உள்ளே போய்விட்டது. வெப்பமண்டலப் புழுக்கத்தில் கதவைத் திறந்து வைக்கத்தான் எல்லாருக்கும் தோன்றும். எந்தக் கதவு எப்போது மூட வேண்டும் என்பது எழுதி ஒட்டப்பட்டிருக்கிறதா, எவ்வளவு காற்றுக்கு எத்தனை பாகை சாய்வுவரை போகலாம் என்ற அட்டவணை வாட்ச் அதிகாரியின் மேசையில் இருக்கிறதா? கேட்டால் முகம் சுளிக்கும் நிறுவனத்துக்கு முன்பணம் அனுப்ப வேண்டாம்.

வணிகக் காற்றுப் பாதையில் இரவுக்கு ஒன்றிரண்டு கருமேகம் ஸ்குவாலோடு, அதாவது திடீர்ப் பலத்த காற்றோடு, வருவது சாதாரணம். ரேடாரில் முன்பே தெரியும். மேல் பாய்களை முன்கூட்டியே இறக்கும் அதிகாரி புத்திசாலி. கடைசி நிமிடம்வரை வைத்திருந்து எல்லாரையும் மேலே கூப்பிடுகிறவர் பார்க்கப் பரபரப்பாக இருப்பார், தூக்கத்தையும் பாயையும் சேர்த்துக் கெடுப்பார்.

மருத்துவர் பெரும்பாலான கப்பலில் இல்லை. பயிற்சி பெற்ற அதிகாரியும், செயற்கைக்கோள் வழி மருத்துவ ஆலோசனையும்தான். நடுவழியில் ஹெலிகாப்டர் எட்டாத நாட்கள் பத்துக்கு மேல் இருக்கும். பல் வலியைக் கரையிலேயே முடித்துக்கொண்டு ஏறுவது உத்தமம்.

கற்பது எவ்வளவு

இங்கேதான் கப்பலுக்குக் கப்பல் பெரிய வித்தியாசம். சில கப்பலில் காற்று நிலையானதும் பகல் வாட்ச் முழுதும் துரு சுரண்டல், வார்னிஷ், கீல் பூசல் என்றே போய்விடும். இரும்புக் கப்பலுக்கு அது தேவைதான். உப்புக்காற்றில் துரு ஓயாது. ஆனால் பணம் கட்டியவரை இலவசக் கூலியாகப் பார்ப்பதற்கும் பராமரிப்பைக் கற்றுக்கொடுப்பதற்கும் வேறுபாடு உண்டு. எந்த வண்ணப்பூச்சுக்கு முன் எந்த அடிப்பூச்சு, ஏன் என்று சொல்கிறார்களா? பாய்க்காரர் கிழிந்த பாயைத் தைக்கும்போது பக்கத்தில் உட்கார வைத்து ஊசி கொடுக்கிறாரா? பாயும் கயிறும் உரசும் இடங்களைத் தேடிப் பழைய கயிற்று நாரால் மெத்தை கட்டக் கற்றுக்கொடுத்தால், அந்த ஒரு வேலையே கப்பலின் முழு அமைப்பையும் புரியவைக்கும். சுரண்டல் வேலை, தூங்குகிறவர்களின் தலைக்கு மேலே காலை எட்டு மணிக்கு நடக்கிறதா என்பதையும் பழைய பயணிகளிடம் விசாரிக்கலாம்.

நண்பகலில் கோணம் அளக்கும் செக்ஸ்டன்ட் கருவியை வைத்துச் சூரியன் உச்சத்தில் நிற்பதைப் பிடிப்பது கட்டாயம் கிடைக்க வேண்டிய பாடம். அட்சரேகையில் ஒரு கலை, அதாவது ஒரு பாகையில் அறுபதில் ஒரு பங்கு, ஒரு கடல் மைல். முதல் வாரம் முப்பது மைல் தவறினவர் மூன்றாம் வாரம் மூன்று மைலுக்குள் வந்துவிடலாம். மேற்கே போகப் போகத் தீர்க்கரேகையில் 15 பாகைக்கு ஒரு மணி வீதம் கடிகாரத்தைப் பின்னால் தள்ள வேண்டும். அந்தக் கூடுதல் ஒரு மணி நேர வாட்ச் யார் தலையில்? நியாயமான கப்பலில் அதை இருபது இருபது நிமிடமாக மூன்று குழுவுக்கும் பிரிப்பார்கள். கேட்கச் சின்ன விஷயம், நடுராத்திரியில் அது பெரிய விஷயம்.

செயற்கைக்கோள் இணையம் இப்போது பல கப்பலில் வந்துவிட்டது. ஓய்வு நேரத்தில் தூங்காமல் திரையைப் பார்த்துவிட்டு இரவுக் கண்காணிப்பில் கண் சொருகுவது புதிய தொல்லை. நாளுக்கு ஒரு மணி என்று வரம்பு வைத்த கப்பல் எரிச்சலூட்டும், ஆனால் சரி.

பணம் கட்டும் முன்

கட்டணத்தில் என்ன அடக்கம் என்று வரி வரியாகக் கேட்க வேண்டும். படுக்கை, உணவு, பயிற்சி பொதுவாக அடங்கும். விமானச் சீட்டு, காப்பீடு, விசா, துறைமுகத்தில் இறங்கிய பின் தங்கும் செலவு அடங்காது. காப்பீட்டில் உயரத்தில் வேலை செய்வதும் கடலில் மீட்புச் செலவும் வெளிப்படையாக எழுதப்பட்டிருக்க வேண்டும். சாதாரணச் சுற்றுலாக் காப்பீடு இரண்டையும் விலக்கிவிடுவது வழக்கம். மழை உடுப்பு நல்லதாக ஒன்று, தலைவிளக்கு சிவப்பு ஒளியுடன், வழுக்காத அடிப்பகுதி கொண்ட மூடிய காலணி இரண்டு ஜோடி, மெல்லிய முழுக்கைச் சட்டை நான்கு. பெட்டி வேண்டாம், மடிக்கும் பை. பெட்டியை வைக்க இடமே இருக்காது.

சேரும் தேதியை நம்பலாம், இறங்கும் தேதியை நம்பக் கூடாது. காற்று இரண்டு நாள் செத்துவிட்டால் 2,700 மைல் கணக்கும் செத்துவிடும். எல்லா நேரமும் இயந்திரத்தில் ஓட எரிபொருள் போதாது. அட்டவணைப்படி வந்து சேரும் நாளுக்கு அடுத்த நாள் விமானம் பிடிப்பவர்கள் கடைசி வாரம் முழுதும் வரைபட மேசையைச் சுற்றிக்கொண்டே இருப்பார்கள். ஐந்து நாளாவது இடைவெளி விட்டு, தேதி மாற்றக்கூடிய சீட்டாக வாங்க வேண்டும். கப்பலில் வந்து விமானத்தில் கிளம்புகிறவருக்கு அந்தச் சீட்டு இல்லாமல் பல தீவுகளில் இறங்க முத்திரையும் குத்த மாட்டார்கள். அதன் அச்சுப் பிரதியைக் கடவுச்சீட்டோடு சேர்த்து, ஏறும் அன்றே கப்பல் அதிகாரியிடம் கொடுத்துவிடலாம்.